முழங்கை ஆடக் கூடாது

கூடத்தின் நடுவில் நிற்கிறேன். நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. இரண்டு கையிலும் புத்தம் புதிய டம்பெல். எதிரே சக்கர நாற்காலியில் என் மகள் கயல். நான் முதல் தடவை கையை மடக்கித் தூக்கியதுமே அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு முற்றினால் அவளுக்குத் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். சாய்ந்த தலையோடு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அப்படி என்னடி சிரிப்பு என்று அதட்டினேன்.

"இடுப்புல கொடம் எங்கம்மா?" என்றாள்.

குனிந்து பார்த்தால் சொன்னது சரிதான். டம்பெல்லைத் தூக்கும்போது என் இடுப்பு இடது பக்கமாகப் போய் ஒடித்துக்கொண்டு நின்றது. குடம் ஒன்றுதான் குறை. சட்டென்று நேராக நின்றுகொண்டேன். மறுபடி தூக்கினேன். என்னைக் கேட்காமலே இடுப்பு மறுபடியும் அங்கே போய்விட்டது.

கடலூர் செம்மண்டலத்துக்கு நாங்கள் குடிவந்த புதிதில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. தெருமுனைக் குழாய்தான். ஆபீஸ் போவதற்கு முன்னால் சில நடை, வந்த பிறகு சில நடை. இடது இடுப்பில் குடம், வலது கையில் வாளி. எங்கள் தெருப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான். போட்டோவுக்கு நேராக நில்லுங்கள் என்றால்கூட ஒருத்தி விடாமல் இடுப்பை ஒடித்துக்கொண்டுதான் நிற்போம். குழாய் வீட்டுக்குள் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இந்த இடுப்புக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

கையைப் பற்றிக் கேட்டீர்களே

தாலுகா ஆபீஸில் டைப் அடித்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த வாசகி ஒருவர், "விரலைப் பற்றியே எழுதுகிறீர்களே, கைக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டிருக்கிறார். கிண்டலா அக்கறையா தெரியவில்லை. எதுவானாலும் கைக்கு வருகிறேன்.

ஆயுள் முழுக்க டைப் அடித்தவளுக்கு விரல் மட்டும் இரும்பாக இருக்கும். மணிக்கட்டுக்கு மேலே எல்லாம் சும்மா தொங்கும் சதைதான். குடம் சுமந்த காலத்துப் பலமெல்லாம் ரிட்டயர் ஆவதற்கு முன்பே போய்விட்டது. ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திறக்க அவரைக் கூப்பிடுகிற நிலைமை.

அவர் என்றால் எங்கள் வீட்டுக்காரர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். டயரைத் தூக்குகிற கை. கயல் பிறந்ததிலிருந்து அவளைத் தூக்கியது பெரும்பாலும் அந்தக் கைதான்.

கயலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பிரசவத்தின்போது ஏற்பட்ட சிக்கலில் அவளுக்குக் கால் இரண்டும் வரவில்லை. இடது கை விறைத்தே இருக்கும். வலது கை ஓரளவு சொன்னபடி கேட்கும். பேச்சு கொஞ்சம் நிதானமாக வரும். மூளையோ, அப்பப்பா, எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளிடம் இருக்கிறது. தபால் வழியில் பி.காம் முடித்தாள். இப்போது ஒரு துணிக்கடைக்கு வீட்டில் இருந்தபடியே போனில் ஆர்டர் எடுக்கிறாள். அவள் நிதானமாகப் பேசுவதைக் கேட்டு, பெரிய இடத்து மேனேஜர் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

கட்டிலில் இருந்து நாற்காலிக்கு, நாற்காலியில் இருந்து பாத்ரூமுக்கு, எங்கேயாவது போனால் காருக்கு. இவ்வளவுக்கும் யாராவது தூக்க வேண்டும். அவர் தூக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் தண்ணீர் கேனை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முதுகுத் தட்டு விலகியிருக்கிறது, இனி ஒரு வாளியைக்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே வந்தவர் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, "கயல யாரு தூக்குவா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். முதுகு வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்தான் தூக்குவேன் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே எனக்கு மூச்சு முட்டும். கை நடுங்கும்.

பிளாஸ்டிக் நாற்காலி

இங்கே ஒரு பழைய கல்யாணத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் நடக்க முடியாதவர்களை மண்டபத்துக்குள் கொண்டுபோக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாலு ஆம்பளைகள் நாலு காலையும் பிடித்துத் தூக்கிவிடுவார்கள். பிரியத்தில் செய்வதுதான். "வா மச்சான், ஒரு கை புடி" என்றால் பந்தியில் பரிமாறுகிறவன்கூட ஓடி வருவான். அவருடைய தம்பி மகன் கல்யாணத்தில் கயலை அப்படித்தான் தூக்கிப் போனார்கள். அவர் கூடவே இருந்தார். நாங்க இருக்கோம், நீங்க எதுக்கு என்று அவரை ஓரங்கட்டிவிட்டார்கள். யாரோ ஒருவர், அம்மன் பொறப்பாடு வருது, வழி விடுங்க என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கயலும் சிரித்தாள். நானும்தான்.

அடுத்து வந்த பத்திரிகைக்கு, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க என்றாள். அதற்கு அடுத்ததற்கும் அதே பதில். அதட்டினேன், கெஞ்சினேன், பேசாமல்கூட இருந்து பார்த்தேன். பல மாதம் கழித்து, தலை பின்னிவிடும்போது, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்.

"தூக்கும்போது ஒருத்தன் கை என் இடுப்புல இருந்துச்சும்மா. தெரியாம பட்டுச்சா, தெரிஞ்சு வச்சானான்னு எனக்குத் தெரியல. நாலு பேரு தூக்கும்போது யாருன்னு கேக்கறது?"

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். வேறென்ன செய்ய? அதற்குப் பிறகு கல்யாணத்துக்கு வா என்று நான் அவளைக் கூப்பிட்டதே இல்லை.

அப்படி வருஷங்கள் ஓடின. அவருக்கு முதுகு போன கொஞ்ச நாளில் சிதம்பரத்தில் இருந்து போன் வந்தது. என் தங்கை லலிதா அங்கேதான் வாக்கப்பட்டிருக்கிறாள். அவள் மகள் நித்யாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. நித்யாவும் கயலும் ஒட்டிப் பிறக்காத குறை. தினமும் போன், தினமும் சண்டை, தினமும் சமாதானம். நீ வரலன்னா நான் மேடையில சிரிக்கவே மாட்டேன், போட்டோ பூரா மூஞ்சிய தூக்கி வச்சிப்பேன் என்று நித்யா மிரட்டியிருக்கிறாள்.

கயல் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டு, வருகிறேன், ஆனால் ஒரு கண்டிஷன் என்றாள். கார் வாசலில் இருந்து நாற்காலிக்கு அம்மா தூக்க வேண்டும். அம்மா மட்டும். வேறு யார் கையும் படக் கூடாது. முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், நித்யாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

முடியும் என்றேன். அன்றைக்கே சாயங்காலம் பாத்ரூம் வாசலில் அவளோடு சேர்ந்து சரிந்தேன். கதவுநிலை தாங்கியதால் இரண்டு பேருக்கும் அடியில்லை. அவர் ஓடிவந்து, தூக்கவும் கூடாமல், சும்மா நிற்கவும் முடியாமல் தவித்தார்.

மெஹரின் மாடி

கயலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிப் பெண்தான் வழி சொன்னாள். தூக்குகிற முறையை நான் காட்டித் தருகிறேன், அதற்கு முன்னால் கைக்கும் தோளுக்கும் பலம் ஏற்றிக்கொண்டு வாருங்கள், மஞ்சக்குப்பத்தில் லேடீஸுக்கு மட்டும் ஒரு ஜிம் இருக்கிறது என்றாள்.

ஜிம்மா? எனக்கா? இந்த வயதில் பனியன் போட்டுக்கொண்டு குதிக்கவா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் டவுன் பஸ்ஸில் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்து, மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்கிறது, போகலாம் என்றார்.

நடத்துகிறவள் பெயர் மெஹர். பரங்கிப்பேட்டைப் பெண். கணவரோடு ஷார்ஜாவில் இருந்த காலத்தில் அங்கே பெண்கள் ஜிம் ஒன்றில் வேலை பார்த்துத் தொழிலைக் கற்றிருக்கிறாள். குழந்தைகள் படிப்புக்காக ஊர் திரும்பி, மாடியில் இரண்டு அறையை வாடகைக்குப் பிடித்துப் பெரிய கண்ணாடி மாட்டி உட்கார்ந்துவிட்டாள். நான் வந்த காரணத்தைக் கேட்டதும், சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, டாக்டரைக் கேட்டாச்சா என்று வரிசையாக விசாரித்துவிட்டு, இருப்பதிலேயே சின்ன டம்பெல்லை எடுத்துக் கொடுத்தாள். கிலுகிலுப்பை மாதிரி இருந்தது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

அந்தக் கிலுகிலுப்பை என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே!

கால் இரண்டையும் தோள் அகலத்துக்கு வைக்க வேண்டும். முட்டி லேசாகத் தளர்ந்திருக்க வேண்டும். முழங்கை விலாவை ஒட்டியே இருக்க வேண்டும், முன்னால் போகக் கூடாது, பின்னால் போகக் கூடாது. மணிக்கட்டு மடங்கக் கூடாது. தூக்கும்போது மூச்சை விட வேண்டும், இறக்கும்போது இழுக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு, தோளைக் காது வரைக்கும் ஏற்றி, இடுப்பை ஒடித்து, ஊஞ்சல் ஆட்டுவதுபோல ஒரு வீச்சு. டம்பெல் மேலே வந்துவிடும். வந்துவிட்டதே என்று பெருமையாக மெஹரைப் பார்ப்பேன்.

"அது ஒங்க கை தூக்கல அக்கா, ஒடம்பு வீசுது," என்பாள். "கயல இப்படி வீசுவீங்களா?"

சுவரில் முதுகை ஒட்டி நிற்கவைத்தாள். சுவர் இருந்தால் இடுப்பு எங்கேயும் ஓட முடியாது. அப்போதுதான் தெரிந்தது, என் கையில் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்று. நாலைந்து தடவை தூக்குவதற்குள் கை பதறியது. அழுகை வந்துவிட்டது. மெஹர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். மறுபடியும் சுவரில் போய் ஒட்டிக்கொண்டேன்.

வீட்டில் ஒரு கண்ணாடி

ஜிம் ஒருநாள் விட்டு ஒருநாள். ஜிம்மில் இல்லாத நாளில் ஓய்வெடுங்கள், ஓய்விலும் சதை வளரும் என்பது மெஹர் கட்டளை. ஆனால் அவர் ஆர்வக்கோளாறில் வீட்டுக்கும் ஒரு ஜோடி டம்பெல் வாங்கி வந்துவிட்டார். ரப்பர் உறை போட்ட ஊதா நிறம். அதைக் கொண்டு வந்ததுகூட அவர் இல்லை, எதிர் வீட்டுக்காரர். இவர் வெறும் கையோடு பின்னால் நடந்து வந்தார்.

அந்த ஊதா டம்பெல்லோடு நின்ற அன்றைக்குத்தான் கயல் குடம் எங்கே என்று கேட்டது. அன்றில் இருந்து மழை வந்து மாடி ஜிம்முக்குப் போக முடியாத நாட்களில் வீட்டிலேயே செய்வதாக மெஹரிடம் அனுமதி வாங்கிக்கொண்டேன். கடலூரில் மழைக்கா பஞ்சம்? கெடிலம் ஆற்றில் தண்ணீர் ஏறினால் எனக்கு வீட்டில் ஜிம்.

வீட்டில் பெரிய கண்ணாடி கிடையாது. கயல்தான் கண்ணாடி. பிறந்ததில் இருந்து மற்றவர்கள் நடப்பதையும் குனிவதையும் நிமிர்வதையும் உட்கார்ந்த இடத்தில் இருந்து பார்த்துப் பார்த்து, அவளுக்கு ஒரு கண் வந்திருக்கிறது. மெஹர் போனில் நாலு விஷயம்தான் சொல்லிக் கொடுத்தாள். மீதியை இவளே கண்டுபிடித்துக்கொண்டாள். வலது தோள் ஏறுது. மணிக்கட்டு மடங்குது. மூச்ச விடு, விடும்மா, செத்துறப் போற. எதற்கும் மசியமாட்டாள். விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவே மடித்த துண்டை இடுக்கிக்கொள்ளச் சொன்னது அவள் யோசனைதான். கையை மடக்கும்போது துண்டு விழுந்தால் அந்தத் தடவை செல்லாது. மெஹரே கேட்டுவிட்டு, இது நல்லாருக்கே என்றாள்.

பக்கத்து வீட்டு அம்மா உறைமோர் கேட்டு வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே மகள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, முழங்கை ஆடக் கூடாது, எத்தன தடவ சொல்றது என்று அதட்ட, வியர்த்து விறுவிறுத்து நிற்கிறேன் நான். பெத்தவள இப்புடியா மெரட்டறது என்று கயலிடம் நியாயம் கேட்டார். சும்மா கெடங்க, அவ சொல்றதுதான் கரெக்ட்டு என்றேன். மோரை மறந்துவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் கை நடுக்கம் குறைந்தது. உள்ளங்கையில் காய்ப்பு வந்தது. உடனே எனக்குக் கொழுப்பும் வந்தது. யாரையும் கேட்காமல் ஜிம்மில் பெரிய டம்பெல்லை எடுத்து, பழைய வீச்சில் நாலு தடவை தூக்கியதில் மணிக்கட்டு பிசகிக்கொண்டது. மெஹர் மறுபடி கிலுகிலுப்பையைக் கையில் கொடுத்தாள். அதோடு ஒன்று சொன்னாள்.

"தூக்கறத யாரு வேணா தூக்கிறலாம் அக்கா. எறக்கறதுதான் வேல. டம்பெல்ல கீழ போடாதீங்க, கொண்டு போயி வைங்க. ஏத்துனதவிட எறக்கறதுக்கு ஜாஸ்தி நேரம் எடுத்துக்குங்க."

மணிக்கட்டு சரியானதும் வீட்டில் அப்படியே செய்து பார்த்தேன். துண்டை இடுக்கிக்கொண்டு, கையை மடக்கி, மெல்ல, மெல்ல, கை முழுசாக நீளும்வரை. எப்போதும் குறை சொல்கிற கயல் அன்றைக்கு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னடி, தப்பா என்றேன்.

"இல்லம்மா. இப்படி என்னயும் எறக்குவியா?"

என்னடி சொல்றே என்றேன்.

"நீ தூக்கும்போது எனக்குப் பயமே இல்ல. எறக்கும்போதுதான் கண்ண மூடிக்குவேன். கடைசில தொப்புன்னு வுட்டுருவ. அப்பாவும்தான்."

வலிக்குமாடி என்று கேட்டேன்.

"வலியெல்லாம் இல்ல. எப்ப வுடுவீங்கன்னு தெரியாது. அதான்."

அவர் வாசற்படியில் பேப்பரோடு நின்றுகொண்டிருந்தார். கேட்டிருப்பார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே வந்து அவள் தலையைத் தடவினார். அவள் கையைத் தட்டிவிட்டு, அப்பா, செண்டிமெண்ட் வேணாம், அம்மாவுக்கு இன்னும் ஒரு செட்டு பாக்கி இருக்கு என்றாள். என் மகள் அப்படித்தான். நான் அழுதுகொண்டே அந்த செட்டை முடித்தேன்.

அப்புறம் பிசியோதெரபிப் பெண் தூக்குகிற முறையைக் காட்டினாள். கை மட்டும் போதாது, முட்டியை மடக்கி, அவளை உடம்போடு அணைத்து, ஒரு கை முதுகுக்குப் பின்னால், ஒரு கை தொடைக்கு அடியில். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி டம்பெல் தூக்குவோமே, அதே பிடி. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே தினமும் பழகினோம். எதிர் வீட்டுக்காரரின் காரை வாசலில் நிறுத்தச் சொல்லி அதிலும் பழகினோம். தூக்குவது வந்துவிட்டது. இறக்கும்போது கடைசி நாலு விரற்கடையில் மட்டும் கை சில நாள் ஏமாற்றியது. தொப் சத்தம் கேட்டால், செல்லாது என்பாள் கயல்.

தெற்கு வீதியில்

கல்யாணத்தன்று காலையில் கிளம்பினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டும் வரைக்கும் கயல் பேசிக்கொண்டே வந்தாள். முட்லூர் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. வெள்ளாற்றுப் பாலத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்றிருந்தது. என் கை அதைவிட ஜில்லென்றிருந்தது.

மண்டபம் சிதம்பரம் தெற்கு வீதியில். வாசலிலேயே நாதஸ்வரச் சத்தமும் கத்தரிக்காய் கொத்சு வாசனையும். கார் நின்றதுதான் தாமதம், லலிதாவின் மகன் பிரபு கூட்டாளிகளோடு ஓடி வந்தான். ஒருத்தன் கையில் பிளாஸ்டிக் நாற்காலி.

"பெரியம்மா, நவுருங்க, நாங்க தூக்கிடறோம்."

வேண்டாம் தம்பி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவன் நம்பவில்லை. அவர் அவன் தோளில் கை போட்டு, "எங்க வீட்டுல அவதாண்டா தூக்குவா" என்றார். சொல்லிவிட்டு எங்கள் சக்கர நாற்காலியைப் பிரித்து, பிரேக்கைப் போட்டு, இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

முட்டியை மடக்கிக் கையைக் கொடுத்தேன். சறுக்கியது. பட்டுப் புடவை! இத்தனை நாளும் பழகியது பருத்தி நைட்டியில். எனக்கும் பட்டு, அவளுக்கும் பட்டு. பட்டுமேல் பட்டு சோப்பு மாதிரி வழுக்குகிறது. இது யாருக்குமே தோன்றவில்லை, மெஹருக்குக்கூட. கையை எடுத்துவிட்டேன். பின்னால் பிரபு ஓர் அடி முன்னால் வருவது தெரிந்தது. மண்டப வாசலில் நின்ற சனம் முழுக்க எங்களைத்தான் பார்த்தது. இவ்வளவு தூரம் கூட்டி வந்து இங்கே நழுவ விட்டால், இனி இவள் எந்த வாசலுக்கும் வரமாட்டாள். உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

கயல் என் முகத்துக்கு வெகு அருகில் இருந்தாள். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"தோள் ஏறுதும்மா. எறக்கு. முழங்கைய உள்ள வை. மூச்ச வுடு."

தோளை இறக்கினேன். கயல் வியர்வை துடைக்க மடியில் வைத்திருந்த பருத்தித் துண்டை அவள் தொடைக்கு அடியில் கொடுத்துப் பிடிமானம் தேடிக்கொண்டேன். முழங்கையை விலாவோடு ஒட்டினேன். அவளுடைய வலது கை என் கழுத்தைச் சுற்றியது. மூச்சை விட்டுக்கொண்டே எழுந்தேன். வந்துவிட்டாள். ஓர் அடி, திரும்பி இன்னோர் அடி. நாற்காலியின் விளிம்பு என் முட்டியில் பட்டது.

இறக்க ஆரம்பித்தேன். அவசரமே இல்லாமல். கை எரிந்தது, எரியட்டும் என்று விட்டேன். அவர் நாற்காலியைப் பிடித்தபடி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையில் சூடியிருந்த மல்லிகை என் மூக்கில் இடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவள் பாரம் என் கையில் இருந்து நாற்காலிக்குப் போனது. கடைசியில் கையை உருவினேன்.

அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, என் கழுத்தை விடாமல் காத்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"அம்மா, இன்னும் எவ்ளோ தூரம் இருக்கு?"

"உக்காந்துட்டடி," என்றேன்.